மாயூரம் முன்சீப் கச்சேரி

உப்பிலியபுரத்தில் காலைப் பேருந்துக்குக் காத்து நிற்பவர்களுள் வழக்குக்குச் செல்பவரை இனங்காண்பது எளிது. வெள்ளை வேட்டி சற்றுக் கூடுதல் வெளுப்பாக இருக்கும். கையில் துணிப்பை, பைக்குள் பழுப்பேறிய பத்திரங்கள், பட்டா நகல், வரி கட்டிய ரசீது. பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடையே கிடக்கும் எங்கள் ஊரிலிருந்து துறையூருக்குச் சென்று, தேவைப்பட்டால் திருச்சிராப்பள்ளிக்கும் செல்லவேண்டும். திரும்பி வரும்போது அந்தப் பையின் கனம் கூடியிருக்குமே தவிரக் குறைந்து நான் கண்டதில்லை.

இந்தப் பயணம் எப்போது தொடங்கிற்று? சோறும் தண்ணீரும் போல் நம் நாட்டுப்புறத்து வாழ்வில் கலந்துவிட்ட இந்தக் 'கோர்ட்டு' எங்கிருந்து வந்தது? அது வந்து அமர்ந்த சிற்றூர்கள் என்ன ஆயின? இவற்றை எண்ணிப் பார்க்க எனக்குக் கிடைத்த சிறந்த சான்று எங்கள் பகுதியில் இல்லை. காவிரி கடலை நெருங்கும் மாயூரத்தில் இருக்கிறது. அங்கே பதின்மூன்று ஆண்டுகள் நீதியிருக்கையில் அமர்ந்தவர் திருச்சிராப்பள்ளிச் சீமையில் பிறந்த கத்தோலிக்கர் என்பதும், அவரே தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்பதும் நாம் அறிந்தவையே. ஆனால் மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நாவலாசிரியர் என்றும் கீர்த்தனை ஆசிரியர் என்றும் போற்றும் நாம், அவர் நாள்தோறும் செய்த வேலையை மறந்துவிடுகிறோம். அவருடைய பகல் பொழுதெல்லாம் பிராதுகளோடும் சாட்சிகளோடும் கழிந்தது.

முதலில் 'முன்சீப்' என்னும் பதவியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கும்பெனியார் 1802ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் வங்காளத்தைப் பின்பற்றி ஜில்லா நீதிமன்றங்களை அமைத்தனர். அவற்றுக்கு மேலாக நான்கு மாகாண நீதிமன்றங்கள் இருந்தன. தென் பிரிவுக்குரியது திருச்சிராப்பள்ளியில் அமைந்தது. 1843 வரை அது நீடித்தது. இவற்றிலெல்லாம் நீதிபதிகள் ஆங்கிலேயரே. பத்து ரூபாய்க் கடனுக்காக ஓர் உழவன் எத்தனை நாள் நடந்து அங்கே சென்று, அறியாத மொழியில் எழுதப்படும் ஏட்டின் முன் எத்தனை நாள் காத்துக் கிடப்பான்? வழக்குகள் மலைபோல் தேங்கின. இந்த நிலையைச் சீர்செய்ய அனுப்பப்பட்டவர் தாமஸ் மன்றோ. அவருடைய யோசனைப்படி 1816ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒழுங்குச் சட்டங்கள் மூன்று படிகளை வகுத்தன. கிராமத் தலைவரே கிராம முன்சீபாக இருந்து பத்து ரூபாய் வரையிலான வழக்கைத் தீர்க்கலாம். ஊர்ப் பஞ்சாயத்துக்கும் சட்டத்தின் ஒப்புதல் உண்டு. அவற்றுக்கு மேலே இருநூறு ரூபாய் வரையிலான வழக்குகளைக் கேட்க ஜில்லா முன்சீபுகள். இவர்கள் இந்நாட்டவராகவே இருப்பர். ஜில்லாவின் தலைநகரில் குவியாமல் ஆங்காங்கே சிற்றூர்களில் அமர்வர்.

இங்கே ஒரு பிழையைத் திருத்திக்கொள்வது நலம். வேதநாயகம் பிள்ளையே முதல் இந்திய முன்சீப் என்று மேடைகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், அச்சிலும் கண்டிருக்கிறேன். அவர் பிறந்தது 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே முன்சீப் பதவி இந்நாட்டவர்க்கென்றே ஏற்பட்டுவிட்டது. நம்மவர்மீது உள்ள அன்பினால் அவருக்கு இல்லாத முதன்மையைச் சூட்டவேண்டியதில்லை. உள்ள பெருமையே போதிய அளவு உண்டு.

கிராம முன்சீபு நம் கண்முன் மறைந்தவர். 1980ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக அரசு அப்பதவியைக் கர்ணம் பதவியோடு சேர்த்து நீக்கிற்று. அதற்கு வெகு முன்பே அவர் நீதி வழங்குபவராக இல்லாமல், நிலவரி வசூலிப்பவராகவும் பிறப்பு இறப்புக் கணக்கு எழுதுபவராகவும் ஆகியிருந்தார். ஆனாலும் எங்கள் தலைமுறையினர் 'முன்சீப்' என்றால் திண்ணையில் அமர்ந்த அந்த ஊர்ப் பெரியவரையே நினைப்பர். அந்தச் சொல்லுக்கு 'நியாயம் செய்பவர்' என்று அரபு மொழியில் பொருள். பாதி என்னும் பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது; இருவர்க்கும் சமமாகப் பங்கிடுபவர் என்பது உள்ளுறை.

நம் நீதிமன்றச் சொற்களின் கதையே தனிக்கதை. வக்கீல், தாவா, ஜாமீன், ஜப்தி, அசல், நகல், ரத்து, ஆஜர் ஆகிய எல்லாம் அரபு நாட்டில் பிறந்து, பாரசீகத்தின் வழியே நவாபுகளின் அலுவலகங்களுக்கு வந்து, உப்பிலியபுரத்துத் தேநீர்க் கடை வரை வந்து சேர்ந்தவை. 'வாய்தா' என்பதன் மூலப்பொருள் வாக்குறுதி. ஒத்திவைத்த நாளுக்கு வாக்குறுதி என்று பெயர் வைத்தவன் குறும்புக்காரனாக இருந்திருக்க வேண்டும். ஜப்தி செய்ய வருகிற 'அமீனா'வைக் கண்டு நடுங்காத குடியானவன் இல்லை. ஆனால் அச்சொல்லின் வேருக்கு உறுதி, நம்பகம் என்பது பொருள். எபிரேயத்திலும் அதே வேர் உண்டு. நாம் ஒவ்வொரு செபத்தின் முடிவிலும் சொல்லும் 'ஆமென்' அந்த வேரில் கிளைத்ததே. 'கச்சேரி' என்பதோ அலுவலகத்துக்கும் பாட்டரங்குக்கும் ஒருங்கே பெயராயிற்று. பகலில் ஒரு கச்சேரி, மாலையில் ஒரு கச்சேரி என வாழ்ந்த வேதநாயகம் பிள்ளைக்கு இது மிகப் பொருந்தும். இவற்றுக்கிடையே நின்று நிலைத்த தமிழ்ச் சொல் 'வழக்கு'. அது பிணக்கையும் குறிக்கும். நெடுநாளாக வரும் மரபையும் குறிக்கும். இந்த இரு பொருளும் மோதிய ஒரு நிகழ்ச்சியைப் பின்னர்ச் சொல்வேன்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மைக்கும் மகனாகப் பிறந்த வேதநாயகம், தியாகராச பிள்ளை என்பவரிடம் ஆங்கிலமும் தமிழும் கற்றார். அந்த ஆசிரியரும் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மாணவர் 1848இல் அதே நீதிமன்றத்தில் பத்திரங்களைப் பாதுகாக்கும் பணியில் சேர்ந்து, 1850இல் மொழிபெயர்ப்பாளர் ஆனார். பத்திரக் காப்பாளர் என்பது பார்வைக்குச் சிறிய வேலை. ஆயினும் ஒரு நாட்டின் குடும்பங்கள் எவ்வாறு உடைகின்றன, உடன்பிறந்தோர் எதற்காகப் பகைக்கின்றனர், ஏழை எந்த இடத்தில் கைநாட்டு வைத்து ஏமாறுகிறான் என்பதையெல்லாம் அந்த அறையில் தூசிக்கிடையே படித்துவிடலாம். மொழிபெயர்ப்பாளர் வேலையோ இன்னும் கூர்மையானது. சாட்சி தமிழில் ஒன்று சொல்ல, அது ஆங்கிலத்தில் வேறொன்றாகி, அந்த வேறொன்றின்மீது தீர்ப்பு எழும்புவதை அவர் நாள்தோறும் கண்டிருப்பார். பின்னாளில் அவர் செய்தவற்றைப் பார்த்தால் இந்த எட்டு ஒன்பது ஆண்டுகளே அவருடைய உண்மையான கல்லூரி என்று தோன்றுகிறது.

1857இல் தரங்கம்பாடியில் முன்சீபாக அமர்ந்தார். தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று 1620இல் டேனியர் கோட்டை கட்டிய ஊர் அது. 1845இல் அதனையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர் வாங்கினர். உடனே தஞ்சை மாவட்டத்தின் ஆட்சித் தலைமையிடம் அங்கே சென்றது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அது மீண்டும் தஞ்சாவூருக்கு மாறிற்று. 1861இல் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்ததும் வணிகமும் அங்கே நகர்ந்தது. அலுவலகம் வந்தபோது தலைநிமிர்ந்து, அது போனபோது உறங்கிப்போன ஊர்களுக்குத் தரங்கம்பாடி நல்ல எடுத்துக்காட்டு. அகன்ற தெருக்களும் அமைதியும் இன்றும் அங்கே உண்டு; வழக்காடுவோர் கூட்டந்தான் இல்லை. அங்கிருந்து சீகாழிக்கு மாற்றம். அவர் சீகாழியில் இருந்தபோதுதான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அங்கே வந்து தங்கிச் சீகாழிக் கோவை பாடினார். 1860இல் அது அரங்கேறிற்று. பின்னர் மாயூரம்.

அன்றைய மாயூரம் எப்படிப்பட்ட ஊர்? மயூரநாதர் கோயிலும், ஐப்பசி முழுதும் காவிரியில் நீராட வரும் மக்கள் வெள்ளமும், கூறைநாட்டுத் தறிகளில் நெய்யப்பட்ட மணப்புடைவையும் அதன் அடையாளங்கள். அருகே தருமபுரம், திருவாவடுதுறை ஆகிய பெரும் சைவ மடங்கள். சுற்றிலும் நஞ்சை. நஞ்சை என்றால் மிராசுதாரும் குத்தகைக்காரரும் பண்ணையாட்களும் என்று பொருள். வாய்க்கால் தலைப்பும் வரப்புத் தகராறும் என்று பொருள். அறுவடைக்கு முன் வாங்கிய கடனும் அறுவடைக்குப் பின் எழும் பிணக்கும் என்று பொருள். இத்தகைய ஊரில் ஒரு முன்சீப் கச்சேரி அமைந்தால் அதற்கு வேலை இல்லாமற் போகாது.

கச்சேரி வந்தால் அதைச் சுற்றி ஒரு சிறிய உலகம் முளைக்கிறது. வக்கீல்கள் வீடு எடுக்கின்றனர். அவர்தம் குமாஸ்தாக்கள், மனு எழுதுவோர், முத்திரைத்தாள் விற்போர், நகல் எடுப்போர், சம்மன் சார்வு செய்யும் சேவகர், டவாலி அணிந்து பெயர் சொல்லிக் கூவுவோர் எனப் பலருக்கும் பிழைப்பு ஏற்படுகிறது. வெளியூரிலிருந்து வருவோர்க்குச் சோற்றுக் கடையும் படுக்கத் திண்ணையும் வேண்டும். பொய்ச் சாட்சி சொல்லவும் ஆள் கிடைப்பான். அவனுக்கும் ஒரு விலை உண்டு. 1865இல் பத்திரப் பதிவு அலுவலகங்கள் தொடங்கியபின் இந்த உலகம் இன்னும் பெருத்தது. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தால் கச்சேரியில் வேலை கிடைக்கும் என்னும் எண்ணம் பரவப் பள்ளிகள் பெருகின. 1866இல் மாயூரம் நகராட்சியாயிற்று. 1870களின் பிற்பகுதியில் இரயிலும் வந்தது. கோயிலும் காவிரியும் வளர்த்த ஊரை இப்போது காகிதமும் வளர்க்கத் தொடங்கிற்று.

ஆயினும் அக்காலத்து மாயூரத்தை வக்கீல்களின் ஊர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மீனாட்சிசுந்தரம் பிள்ளை அங்கே வாழ்ந்தார். அவரிடம் தமிழ் கற்க 1871இல் வந்து சேர்ந்த இளைஞர்தாம் உ.வே. சாமிநாதையர். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அதே ஊரினர். சைவப் பெரும்புலவராகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை, கத்தோலிக்கராகிய முன்சீபைத் தலைவராக வைத்துக் குளத்துக் கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் முன்சீபும் நண்பர்கள். சமயங்களுக்கிடையே இப்படி ஓர் உறவு நிலவிற்று என்று எண்ண மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்குச் சற்று உறுத்தலும் உண்டு. நீதிபதி ஒருவர் தம் ஆட்சி எல்லைக்குள் வாழ்வோரிடமிருந்து பாமாலை பெறுவதை இன்றைய நீதித்துறை ஒழுக்கம் ஏற்காது. அக்காலத்தில் அது மரபு. அவரே அந்த ஆபத்தை உணராதவர் அல்லர். 1859இல் வெளியிட்ட நீதி நூலில் கைக்கூலி வாங்குவோரை அவர் எவ்வளவு கடிந்திருக்கிறார் என்பதைப் படித்தவர் அறிவர். புகழும் ஒருவகைக் கைக்கூலிதானே என்று அவரிடம் கேட்க வாய்ப்பிருந்தால் என்ன மறுமொழி சொல்லியிருப்பாரோ!

அவர் மாயூரத்தில் அமர்ந்திருந்த காலம் சட்ட வரலாற்றில் ஒரு புயற்காலம். 1859இல் சிவில் நடைமுறைச் சட்டமும் காலவரையறைச் சட்டமும் வந்தன. 1862ஆம் ஆண்டு தொடக்கத்தில் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய சதர் அதாலத் மறைந்து சென்னை உயர்நீதிமன்றம் தோன்றிற்று. இவற்றுள் காலவரையறைச் சட்டம் சிற்றூர் மக்களின் வாழ்வைத் தலைகீழாக்கியது. கடன் சீட்டுக்கு மூன்று ஆண்டு என்று கெடு வந்ததும், அதுவரை பொறுத்திருந்த கடன்காரர்கள் எல்லாம் ஒன்று சீட்டைப் புதுப்பித்து எழுதச் சொன்னார்கள். அல்லது வழக்குத் தொடுத்தார்கள். புதுச்சீட்டில் வட்டி முதலாக மாறிற்று. கடன் பட்டவனைக் காக்க வந்த சட்டம் அவன் கழுத்தை இறுக்கிற்று. மராத்திய நாட்டில் 1875இல் உழவர்கள் திரண்டு, கடன்காரர் வீடுகளில் புகுந்து, பத்திரங்களைத் தேடி எரித்தார்கள். அவர்கள் சினம் ஆட்கள்மீது இருந்ததைவிடக் காகிதங்கள்மீது இருந்தது. தமிழ்நாட்டில் அப்படி நெருப்பு எழவில்லை. இங்கே நிலம் சத்தமின்றிக் கைமாறிற்று.

டிக்ரி பெற்றவனும் மகிழ்ந்துவிட முடியவில்லை. இந்தியாவில் வழக்காடுபவனின் துன்பங்கள் அவன் டிக்ரி பெற்ற பின்னரே தொடங்குகின்றன என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1872இல் குறிப்பிட்டது. கடல் கடந்து இருந்தவர்களுக்கே அது தெரிந்திருந்தது.

முன்பு சொன்ன 'வழக்கு' என்னும் சொல்லுக்கு வருவோம். நம் முன்னோர்க்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி இது. கிறித்தவராக மாறியவர் தம் குடும்பச் சொத்தில் உரிமையை இழப்பார் என்னும் பழைய நிலையை 1850ஆம் ஆண்டின் சட்டம் நீக்கிற்று. ஆனால் அடுத்த கேள்வி எழுந்தது. மாறியபின் அவர் குடும்பத்துக்கு எந்தச் சட்டம்? பெல்லாரியைச் சேர்ந்த ஆபிரகாம் என்னும் கிறித்தவக் குடும்பத்தில், இறந்த அண்ணனின் மனைவிக்கும் தம்பிக்கும் இடையே எழுந்த வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1863இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறியவரை இந்துச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆயினும் அவர் விரும்பினால் பழைய வழக்கத்தைப் பின்பற்றி வாழலாம், வாழ்ந்த முறையே அதற்குச் சான்று என்பது அதன் சாரம். வழக்கத்தை வைத்தே வழக்குத் தீரும் என்றாயிற்று. ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும் வழக்கத்தை நிறுவச் சாட்சிகள் வேண்டுமல்லவா? வக்கீல்களுக்கு இது நல்விருந்து.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்தது 1865ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். 1866 சனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. உயில் எழுதாமல் இறந்த கிறித்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, எஞ்சியது பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் என்றால் ஆணும் பெண்ணும் சமம். இந்து மகளிர்க்கு இத்தகைய உரிமை 1956இல்தான் வரத் தொடங்கிற்று. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதும் 2005இலும் முழுமை பெற்றது. நம் பெண்மக்களுக்கோ தொண்ணூறு ஆண்டுகள் முன்பே ஏட்டில் சமபங்கு கிடைத்துவிட்டது. ஏட்டில் என்று சொல்வதைக் கவனிக்க வேண்டுகிறேன். எத்தனை கத்தோலிக்கக் குடும்பங்களில் மகள்களுக்குச் சமபங்கு கொடுத்திருக்கிறோம்? சீதனம் கொடுத்தாயிற்று, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்பதே நம் வழக்கமாக இருந்துவருகிறது. திருவிதாங்கூரில் 1916ஆம் ஆண்டுச் சட்டம் கிறித்தவப் பெண்களின் பங்கை வெளிப்படையாகவே குறைத்திருந்தது. மேரி ராய் என்னும் பெண்மணி உச்சநீதிமன்றம் வரை சென்று 1986இல் அதனை வீழ்த்தினார். இங்கே அப்படிப்பட்ட சட்டம் தேவைப்படவில்லை. அண்ணன் தம்பியரின் முகவாட்டமே போதியதாயிற்று.

வேதநாயகம் பிள்ளை பெண்மதி மாலை எழுதிப் பெண் கல்விக்காக வாதாடியது 1869இல். வாரிசுரிமைச் சட்டம் வந்த மூன்றாம் ஆண்டு. இரண்டுக்கும் நேர்த் தொடர்பு உண்டென்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத கைம்பெண் ஒருத்தி சாட்சிக் கூண்டில் நின்று, தான் எதில் கைநாட்டு வைத்தோம் என்றே அறியாமல் விழிப்பதைப் பதின்மூன்று ஆண்டுகள் பார்த்த ஒருவர், பெண் படிக்க வேண்டும் என்று எழுதுவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. நேர்மையற்ற நடுவரிடம் விடாது சென்று முறையிட்ட கைம்பெண்ணை நற்செய்தியில் நாம் அறிவோம். இந்த நடுவரோ அவளுக்குப் படிப்பு வேண்டும் என்றார்.

அவர் செய்த மற்றொரு வேலை சட்டத்தைத் தமிழில் தந்தது. 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழாக்கி, 1862இல் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் வெளியிட்டார். அடுத்த ஆண்டுகளின் தீர்ப்புகளையும் அவ்வாறே தமிழாக்கினார். ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகள்! அந்நாளில் தட்டச்சுப் பொறி இல்லை. சட்டத்துக்கான தமிழ் அகராதி இல்லை. அரசின் ஊக்கம் இருந்ததாகவும் தெரியவில்லை. முன்சீப் வேலையோடு சேர்த்து இதனைச் செய்தார். அவருடைய நூல்களுள் இன்று மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுவே. பிரதாப முதலியார் சரித்திரம் பாடநூலாயிற்று, கீர்த்தனைகள் மேடையேறின, சித்தாந்த சங்கிரகம் நூலகப் பரணில் ஏறிற்று. என் எண்ணத்தில் அவருடைய பிற நூல்கள் எல்லாவற்றுக்கும் விதை இந்நூலில்தான் இருக்கிறது. தனக்கு எதிராக எந்த நியாயத்தின்படி தீர்ப்பு வந்தது என்று தோற்றவனும் படித்தறிய வேண்டும் என்னும் எண்ணம் அதற்குள் இருக்கிறது. தோற்றவனை நினைத்து நூல் எழுதுவோர் எக்காலத்தும் அரியர்.

1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் ஞானாம்பாள் ஆணுடையில் ஒரு நாட்டை ஆள்கிறாள் அல்லவா? அந்தப் பகுதியில் வக்கீல்களைப் பற்றி ஆசிரியர் எழுதியிருப்பதை மீண்டும் படித்துப் பார்க்கலாம். நீதிபதியும் தமிழர், வக்கீலும் தமிழர், வாதியும் பிரதிவாதியும் தமிழர். அவ்வாறிருக்க வாதம் மட்டும் ஏன் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று கேட்கிறார். அது கற்பனையில் தோன்றிய கேள்வி அன்று. மாயூரம் கச்சேரியின் சன்னலோரத்தில் பிறந்தது.

அந்தக் கேள்விக்கு நம் நாடு தந்த மறுமொழி மெல்ல மெல்லவே வந்தது. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம். 1976இல் அதனைத் திருத்திக் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் அமைய வழி செய்தனர். உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் 2006இல் தீர்மானம் இயற்றிற்று; அது இன்னும் கைகூடவில்லை. 2019இல் உச்சநீதிமன்றம் தன் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிடப்போவதாக அறிவித்தபோது, முதற்பட்டியலில் தமிழ் இல்லை. குரல் எழுந்தபின் சேர்த்தனர். கணிப்பொறிகளின் துணையோடு செய்யப்படும் இந்தப் பணியை, 1862இல் மண்ணெண்ணெய் விளக்குகூடப் பரவாத காலத்தில், ஒரு முன்சீப் தனியாகச் செய்து முடித்தார் என்பதை அப்போது எவரேனும் நினைவூட்டினார்களா என்று தெரியவில்லை.

1872இல் அவர் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு வந்த சென்னை சிவில் நீதிமன்றச் சட்டம் முன்சீபின் வரம்பை 2,500 ரூபாயாக்கிற்று. இருநூறில் தொடங்கிய பதவி எவ்வளவு தூரம் வந்துவிட்டது! ஓய்வுக்குப் பின் அவர் குளத்தூருக்குத் திரும்பவில்லை. மாயூரத்திலேயே தங்கி, நகராட்சித் தலைவராகவும் பணிபுரிந்தார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருடப் பஞ்சம் தின்றது. ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் காவிரிக் கரையில் சோறு கிடைக்கும் என்று நடந்து வந்தனர். வந்தோர்க்குக் கஞ்சித் தொட்டி அமைத்து, தம் பொருளையெல்லாம் அவர் செலவிட்டார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரை வாழ்த்திக் கீர்த்தனை பாடியது அப்போதுதான். நான் முன்பு எழுப்பிய ஐயம் இந்தப் பாட்டுக்குப் பொருந்தாது. அந்நாளில் அவர் முன்சீபும் அல்லர். பாரதியார்க்கு அவரிடம் வழக்கும் இல்லை. அந்தப் பஞ்ச காலத்திலேயே, 1878இல், சர்வ சமய சமரசக் கீர்த்தனை வெளிவந்தது. எந்தச் சமயத்தவரும் பாடத்தக்க இறைப்பாடல்களை அவர் எழுதிய ஊரில் ஒரே தொட்டியில் எல்லாச் சமயத்தாரும் கஞ்சி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தனர். 1889 ஜூலை 21ஆம் நாள் அவர் மறைந்தார்.

மாயூரம் 1982இல் மயிலாடுதுறை என்னும் பழம்பெயரைத் திரும்பப் பெற்றது. 2020 டிசம்பரில் தனி மாவட்டமாயிற்று. அவர் முதலில் அமர்ந்த தரங்கம்பாடியும் அடுத்து அமர்ந்த சீகாழியும் இப்போது அந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு மனிதர் மூன்று ஊர்களில் வழங்கிய நீதியின் எல்லை, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, ஒரு மாவட்டத்தின் எல்லைக்குள் அடங்கிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மாலைப் பேருந்தில் இறங்கி நேரே என்னிடம் வந்தார். நிலவழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பின் நகல் கிடைத்திருந்தது. ஆங்கிலத்தில் பதினேழு பக்கம். "தோத்துட்டேன்னு வக்கீல் சொல்லிட்டாரு, தம்பி. ஏன் தோத்தேன்னு நீ கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றார். திண்ணையில் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிவரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். சட்டச் சொற்கள் வந்த இடமெல்லாம் தடுமாறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பதாம் பக்கத்தில், தம் தந்தையார் 1961இல் எழுதிக்கொடுத்த ஒரு சீட்டைப் பற்றிய பத்தி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "இதை இன்னொரு தரம் படி" என்றார்.